விடைக்கு அப்பால்: கணிதமேதை இராமானுஜன்

கணித உலகில் தமிழர்க்குப் பெரும் பெயர் ஈட்டித் தந்தவர் சீனிவாச இராமானுஜன். முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவர், நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்கள் ஆராயும் சூத்திரங்களை விட்டுச் சென்றார். அவர் காலத்தில் கணினி இல்லை. கற்பலகையும் சுண்ணக்கட்டியுமே அவருடைய கருவிகள். இன்றோ, கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலிகூடச் சிக்கலான நுண்கணித வினாவுக்கு நொடிப்பொழுதில் விடை தருகிறது. அப்படியானால் இராமானுஜனைப் போன்றோர் செய்த பணியை இயந்திரமே செய்துவிடுமா? விடை கிடைத்த பிறகும் மனிதனுக்கு வேலை உண்டா? இவ்வினாக்களுக்கு இராமானுஜனின் வாழ்க்கையே நல்ல விளக்கமாக அமைகிறது.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், தமிழ்நாட்டின் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணிபுரிந்தார். தாயார் கோமளத்தம்மாள். குடும்பத்தில் வசதி இல்லை; ஆனால், மகனின் கல்விக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இராமானுஜன், கணக்குப் பாடத்தில் உடன் பயின்றோரை மட்டுமன்றி மேல் வகுப்பு மாணவர்களையும் விஞ்சினார். கணிதத்திற்காகப் பள்ளியில் பரிசுகளும் பெற்றார்.

அவருக்குப் பதினைந்து வயதானபோது ஒரு நூல் கைக்கு எட்டியது. இங்கிலாந்தைச் சேர்ந்த கார் என்பவர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அது. அதில் ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களும் சூத்திரங்களும் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிரூபணம் இல்லை. வேறொரு மாணவராக இருந்தால் தேவையான சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு நூலை மூடியிருப்பார். இராமானுஜனோ அவை ஒவ்வொன்றும் எப்படி வந்திருக்கும் என்று தாமே ஆராயத் தொடங்கினார். விடையைக் கண்டவுடன் நிற்காமல், அதற்குச் செல்லும் வழியைத் தேடும் பழக்கம் அவருக்கு அந்நூலால் வளர்ந்தது.

அதே நூல் அவரிடம் ஒரு குறையையும் விட்டுச் சென்றது. சூத்திரத்தை மட்டும் எழுதி, நிரூபணத்தை எழுதாமல் விடும் முறையை அவர் அதிலிருந்தே பழகிக்கொண்டார். தாள் விலை மிகுந்த காலம் அது. எனவே, கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவர் சென்ற பாதை பலகையோடு அழிந்தது. முடிவு மட்டும் நிலைத்தது.

1904ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியதால் ஏனைய பாடங்களைப் புறக்கணித்தார். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், கணிதம் தவிர்த்த பாடங்களில் தோல்வியே கண்டார். பட்டம் இல்லை, பணியும் இல்லை. 1909இல் சானகி அம்மாளை மணந்தபின் வேலை தேடும் கட்டாயம் ஏற்பட்டது. குறிப்பேட்டைக் கையில் ஏந்தியவாறு ஒவ்வோர் அலுவலராகச் சந்தித்து உதவி கோரினார்.

அவருடைய ஆற்றலை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர். அக்கழகத்தின் இதழில் 1911ஆம் ஆண்டு இராமானுஜன் ஒரு புதிர்க் கணக்கை வெளியிட்டார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவின்றி நீளும் வர்க்கமூலத் தொடரின் மதிப்பு என்ன என்பதே அவ்வினா. பல மாதங்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3 என்று அவரே அறிவித்தார். இன்று இக்கோவையைக் கணினியில் இட்டால், 2.9, 2.99, 2.999 என்று அது 3ஐ நெருங்கிச் செல்வதைக் காணலாம். ஆனால், நெருங்குவது வேறு. சரியாக 3 என்று உறுதியாக அறிவது வேறு. அவ்வுறுதியை 3, 4, 5 ஆகிய எண்களின் வர்க்கங்களில் ஒளிந்திருக்கும் ஓர் எளிய ஒழுங்கு தருகிறது. 3இன் வர்க்கமான 9ஐ 1 + 2 × 4 என்று பிரிக்கலாம். அந்த 4இன் வர்க்கமான 16ஐ 1 + 3 × 5 என்று பிரிக்கலாம். இவ்வாறே மேலும் மேலும் செல்லலாம். இந்த ஒழுங்கைக் கண்டதே இராமானுஜனின் திறம்.

1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்குப் பணிபுரிந்த நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிசு இசுபிரிங்கும் அவருக்குப் பெரிதும் ஊக்கமளித்தனர். அவர்களைப் போன்றோர் தந்த ஊக்கத்தால் இங்கிலாந்துக் கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதத் துணிந்தார். சிலரிடமிருந்து பயன் ஏதும் கிட்டவில்லை. 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரியின் ஆர்டி என்னும் அறிஞருக்கு எழுதினார். கடிதத்துடன் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களை இணைத்திருந்தார். ஒன்றுக்கும் நிரூபணம் இல்லை. ஆர்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அத்தாள்களை ஆராய்ந்து, எழுதியவர் உயர்ந்த கணித மேதை என்ற முடிவுக்கு வந்தனர்.

இச்செய்தி சென்னையை எட்டியதும், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டம் பெறாத ஒருவருக்கு அது அரிய வாய்ப்பு. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஆய்வறிக்கை அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1913, 1914ஆம் ஆண்டுகளில் அவர் அளித்த மூன்று அறிக்கைகளின் மையப் பொருள் தொகையிடல் ஆகும்.

மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் கூடுதல் கணிதப் பாடத்தில் வகையிடலையும் தொகையிடலையும் கற்கின்றனர். ஒரு வளைகோட்டின் கீழ் அடங்கும் பரப்பைக் காண உதவும் கணித முறை தொகையிடல். வகையிடலுக்குத் திட்டமான விதிகள் உண்டு. அவற்றை ஒழுங்காகப் பின்பற்றினால் விடை கிட்டும். தொகையிடல் அத்தகையதன்று. அது வகையிடலின் எதிர்ச்செயல். கட்டிய முடிச்சை அவிழ்ப்பது போன்றது. கட்டுவதற்கு ஒரு வழி போதும். அவிழ்ப்பதற்கு எந்த இழையை முதலில் இழுப்பது என்று அறிந்திருக்க வேண்டும். பிரதியிடலா, பகுதி பகுதியாகத் தொகையிடலா, பின்னங்களாகப் பிரித்தலா என்று தேர்ந்தெடுப்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகின்றனர்.

இராமானுஜன் தம் அறிக்கைகளில் முற்றிலும் வேறான ஒரு வழியை முன்வைத்தார். ஒரு சார்பை முடிவில்லாத் தொடராக விரித்து, அதன் கெழுக்கள் எந்த ஒழுங்கில் அமைந்துள்ளன என்று கண்டறிய வேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டே, 0 முதல் முடிவிலி வரை நீளும் பல வகைப் பரப்புகளை ஒரே வரியில் எழுதிவிடலாம். இது இன்று இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் எனப்படுகிறது. பக்கக் கணக்கில் நீளும் தொகையீடுகள் இம்முறையில் சில வரிகளில் முடிந்தன. ஆனால், எந்தெந்தச் சார்புகளுக்கு இம்முறை பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்பதை அவர் முறையாக வரையறுக்கவில்லை. அந்நிபந்தனைகளை ஆர்டியே பின்னாளில் நிறுவினார். சூத்திரம் சரியானதாக இருந்தாலும், அதன் எல்லையை அறியாமல் பயன்படுத்தினால் தவறான விடையே கிட்டும்.

இராமானுஜன் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தொகையிடும் கலை இயந்திரத்துக்கும் கற்பிக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சேம்சு இசுலேகல் என்பவர் ஒரு கணினி நிரலை உருவாக்கினார். எண்களைக் கூட்டிப் பெருக்குவதோடு நில்லாமல், குறியீடுகளைக் கையாண்டு தொகையிடும் நிரல் அது. கல்லூரி முதலாண்டு மாணவர் தரத்தில் அமைந்த 86 கணக்குகளுள் 84ஐ அது தீர்த்தது. இத்தகைய முயற்சிகளிலிருந்து வளர்ந்தவையே இன்றைய கணினி இயற்கணித மென்பொருள்கள். வகையிடல், தொகையிடல், சமன்பாடு தீர்த்தல் அனைத்தையும் அவை குறியீடுகளைக் கொண்டே செய்கின்றன. பொறியியலாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் அவை இன்றியமையாத துணை.

எனினும், அவற்றுக்கும் எல்லை உண்டு. இயற்கையில் அடிக்கடி காணப்படும் மணி வடிவ வளைகோட்டை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்களின் உயரம், தேர்வுப் புள்ளிகள் போன்றவற்றின் பரவலை அது காட்டும். அதன் கீழுள்ள பரப்பைத் தரும் பொதுச் சூத்திரத்தை, மாணவர்கள் அறிந்த இயற்கணித, மடக்கை, அடுக்குக்குறி, முக்கோணவியல் சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. இத்தகைய இயலாமையை எவ்வாறு நிறுவுவது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லியூவில் காட்டினார். எவ்வளவு விரைவான கணினியாலும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாது. வியப்பு என்னவெனில், அதே வகை வளைகோட்டின் ஓர் எளிய வடிவில், ஒரு முனை முதல் மறு முனை வரையிலான முழுப் பரப்பு பை என்னும் மாறிலியின் வர்க்கமூலமாகத் துல்லியமாக அமைகிறது. பொதுச் சூத்திரம் இல்லாத இடத்திலும் குறிப்பிட்ட பரப்புக்கு அழகிய விடை இருக்கக்கூடும். இராமானுஜன் விரும்பி உலவிய களம் அதுவே.

1968ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு முடிவுகள் வெளிவந்தன. அடிப்படைச் சார்புகளால் தொகையீட்டை எழுத முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் முறையை அமெரிக்கரான இரிசு வகுத்தார். ஆனால், அம்முறையைப் பின்பற்றும்போது ஒரு கோவை பூச்சியத்துக்குச் சமமா என்று அடிக்கடி முடிவு செய்ய வேண்டும். அடுக்குக்குறி, முக்கோணவியல் சார்புகள் போன்றவை கலந்த எல்லாக் கோவைகளுக்கும் இவ்வினாவுக்கு விடை தரும் பொதுமுறை எதுவும் இருக்க முடியாது என்று இரிச்சர்ட்சன் நிறுவினார். எனவே, இந்த எல்லை கணினியின் வேகக் குறைவால் வந்ததன்று. நாளை இன்னும் ஆற்றல்மிக்க கணினி வந்தாலும் அது நீங்காது.

இயந்திரம் கவனமின்றிச் செயல்பட்டால் எளிய கணக்கிலும் தவறு நேரும். 1ஐ ஓர் எண்ணின் வர்க்கத்தால் வகுக்கும் சார்பை, −1 முதல் 1 வரை தொகையிடுவதாகக் கொள்வோம். பாடநூல் விதியை அப்படியே பொருத்தினால் −2 என்ற விடை வரும். அச்சார்பின் வளைகோடோ எப்போதும் அச்சுக்கு மேலேயே உள்ளது. மேலே உள்ள பரப்பு எதிர்ம எண்ணாக இருக்க இயலுமா? நடுவில் 0 என்ற இடத்தில் சார்பு முடிவிலிக்குச் செல்வதால், அங்கு விதியே பொருந்தாது. உண்மையில் அப்பரப்புக்கு எல்லையே இல்லை. செம்மையாக எழுதப்பட்ட மென்பொருள் இதைக் கண்டுகொள்ளும். விதியை மட்டும் பின்பற்றும் நிரல் −2 என்றே காட்டும். வளைகோட்டை வரைந்து பார்க்கும் மாணவர் அத்தவற்றை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இத்தகைய பொறியில் மேதைகளும் சிக்கியதுண்டு. இராமானுஜனும் அதற்கு விலக்கல்லர். ஆர்டிக்கு எழுதிய கடிதங்களில், குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழ் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு ஒரு சூத்திரம் தந்திருந்தார். தாம் சோதித்த எண்களுக்கு அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. ஆயினும், பெரிய எண்களுக்கு அவர் கருதிய துல்லியம் அதற்கு இல்லை. அவர் அதுவரை அறிந்திராத கலப்பெண் சார்புக் கோட்பாடு அதில் குறுக்கிட்டது.

அதே காலத்தில் லிட்டில்வுட் நிறுவிய ஒரு தேற்றம் இதனை நன்கு விளக்குகிறது. பகா எண்களின் எண்ணிக்கையை மதிப்பிட ஓர் அறியப்பட்ட தொகையீடு உண்டு. அதுவரை கணக்கிட்ட எல்லா அட்டவணைகளிலும் அம்மதிப்பீடு உண்மையான எண்ணிக்கையைவிடச் சற்று மிகுதியாகவே இருந்தது. எப்போதும் அப்படியே இருக்கும் என்றே பலரும் நம்பினர். 1914இல் லிட்டில்வுட் அது தவறு என்றும், நிலைமை முடிவில்லாத முறை தலைகீழாக மாறும் என்றும் நிறுவினார். இன்றுவரை எந்தக் கணினியும் அப்படி மாறும் ஓர் எண்ணை நேரடியாக எண்ணிக் காட்டவில்லை. அவ்வளவு பெரிய எண்களில்தான் அம்மாற்றம் நிகழ்கிறது. இயந்திரம் கோடானுகோடி முறை ஆம் என்று சொல்லும் ஒன்றை, நிரூபணம் இல்லை என்று மறுத்துவிட்டது.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். ஏப்பிரல் மாதம் இலண்டனை அடைந்து, பின் கேம்பிரிட்சு சென்றார். அங்கு ஆர்டிக்கு முன் ஓர் அரிய சிக்கல் நின்றது. இராமானுஜனுக்கு நிரூபணத்தின் தேவையை உணர்த்த வேண்டும். அதே வேளையில் முறைப்படி கற்பிக்க முயன்று அவருடைய தன்னம்பிக்கையையும் படைப்பூக்கத்தையும் குலைத்துவிடக் கூடாது. இருவரும் ஒருவரையொருவர் மதித்து உழைத்தனர். ஒருவர் எங்குச் செல்ல வேண்டும் என்று கண்டார். மற்றவர் அங்குச் செல்லும் பாதை உறுதியானதா என்று சோதித்தார்.

அவ்வாண்டிலேயே இராமானுஜன் பையின் மதிப்பைக் காணும் புதிய தொடர்களை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். அக்கட்டுரையில் வேறு சில விந்தை எண்களும் உள்ளன. நுண்கணிதத்தில் வரும் ஈ என்ற மாறிலியை, பையையும் √58ஐயும் பெருக்கி வரும் எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் 24,591,257,751.99999982… என்ற மதிப்பு கிடைக்கிறது. பதின்மூன்று இலக்கங்கள் மட்டும் காட்டும் கணிப்பான் இதனை 24,591,257,752 என்ற முழு எண்ணாகவே காட்டும். உண்மையில் அது முழு எண்ணன்று. திரையில் தெரியும் இலக்கங்களை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். இராமானுஜன் இந்த நெருக்கம் தற்செயலன்று என்பதைக் கண்டு, அதற்கான காரணத்தையும் எட்டியிருந்தார்.

அதே கட்டுரையின் ஒரு தொடரில் முதல் உறுப்பு மட்டுமே பையின் மதிப்பை ஆறு தசம இடங்களுக்குச் சரியாகத் தருகிறது. அடுத்து வரும் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைக் கூட்டுகிறது. 1985ஆம் ஆண்டு அமெரிக்கரான காசுபர் இத்தொடரைக் கணினியில் இட்டுப் பையின் மதிப்பை 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரை கணக்கிட்டார். அப்போது அத்தொடர்க்கு முழுமையான நிரூபணம் வெளியாகியிருக்கவில்லை. வேறு வழியில் கணக்கிட்ட இலக்கங்களோடு அவை ஒத்துப்போயின. ஆயினும், அத்தொடர் ஏன் சரியானது என்பதைக் கணினி சொல்லவில்லை. அதனை 1987இல் கனடாவில் பணியாற்றிய போர்வைன் உடன்பிறப்புகளே நிறுவிக் காட்டினர். எழுபதாண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் கண்ட சூத்திரம் கணினிக்கு வழிகாட்டியது. கணினி அதனை விரைவாகப் பயன்படுத்தியது. மனிதர்கள் மீண்டும் அதனை உறுதிப்படுத்தினர்.

ஆர்டியும் இராமானுஜனும் இணைந்து 1918இல் வெளியிட்ட ஆய்வும் புகழ்பெற்றது. ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது அதன் பொருள். 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். எண் பெரிதாகப் பெரிதாக வகைகளின் எண்ணிக்கை மலைபோல் வளரும். 200ஐ 3,972,999,029,388 வகையில் பிரிக்கலாம். ஒவ்வொன்றாக எழுதித் தீர்க்க மனித வாழ்நாள் போதாது. மேசர் மெக்மகோன் என்னும் அறிஞர் படிப்படியான கணக்கீட்டால், கணினியின்றிக் கையாலேயே இவ்வெண்ணைக் கண்டறிந்திருந்தார். ஆர்டியும் இராமானுஜனும் வகுத்த சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, அதே எண்ணுடன் 0.004 மட்டுமே மிகுதியாக வந்தது. கணக்கீடும் சிந்தனையும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்ட சிறந்த நிகழ்வு இது.

1916இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் ஆய்வின் அடிப்படையில் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. தாயகத்தில் தேர்வுகளில் தோற்றவர், அயல்நாட்டில் ஆய்வால் பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினராகவும், அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்கல்லூரியில் அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

புகழ் உயர்ந்தபோது உடல்நலம் குன்றியது. முதலாம் உலகப் போர்க்காலம் அது. மரக்கறி உணவே உண்ட அவருக்கு ஏற்ற பொருள்கள் எளிதில் கிட்டவில்லை. குளிரும் தனிமையும் வாட்டின. மருத்துவமனையில் இருந்தபோது ஆர்டி அவரைக் காண வந்தார். தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு ஏதும் இல்லை என்றும் கூறினார். இராமானுஜன் உடனே அதை மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. கணினியிடம் வினவினால் இவ்வுண்மையைக் கணப்பொழுதில் தேடித் தரும். ஆனால், ஒரு வண்டியின் எண்ணைக் கண்டவுடன் இப்படியொரு வினா உண்டு என்று அது தானாக எண்ணிப் பார்ப்பதில்லை.

1919ஆம் ஆண்டு இராமானுஜன் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. சானகி அம்மாள் அருகிலிருந்து பேணினார். படுக்கையில் இருந்தவாறே அவர் தாள்களில் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 சனவரியில் ஆர்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச் சென்ற மூன்று குறிப்பேடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. 1976ஆம் ஆண்டு, அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூசு டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவருடைய இறுதி ஆண்டுத் தாள்களைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அப்பக்கங்கள் தொலைந்த குறிப்பேடு எனப் பெயர் பெற்றன. மூன்று குறிப்பேடுகளின் முடிவுகளையும் ஒவ்வொன்றாக நிறுவும் பணியைப் பேராசிரியர் புரூசு பெர்ண்ட் மேற்கொண்டார். அது 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. கற்பலகையில் அழிந்த பாதைகளை மீட்க, ஓர் அறிஞர் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான முடிவுகளில் தவறானவை மிகச் சிலவே.

இத்தகைய ஆய்வுகளில் கணினிகள் பெரிதும் துணைநிற்கின்றன. ஒரு சூத்திரத்தின் இரு பக்கங்களையும் ஆயிரம் இலக்கங்கள் வரை ஒப்பிட்டு, அது சரியாக இருக்கக்கூடுமா என்று நொடியில் சொல்லிவிடுகின்றன. தவறான எழுத்துப் பிழையைக் காட்டிக் கொடுக்கின்றன. சலிப்பூட்டும் நீண்ட பெருக்கல்களைச் சுமக்கின்றன. ஆனால், எந்தச் சூத்திரத்தைத் தேடுவது, கிடைத்த விடை எந்த எல்லைக்குள் உண்மை, அது ஏன் உண்மை என்னும் வினாக்களை எழுப்புபவர் மனிதரே. இராமானுஜனின் வாழ்வு இதன் இரு பக்கங்களையும் காட்டுகிறது. நிரூபணம் இல்லாத அவருடைய உள்ளுணர்வு பெரும்பாலும் வென்றது. பகா எண்களில் ஒரு முறை சறுக்கியது. சறுக்கலை ஏற்று மீண்டும் கற்றதால் அவர் மேலும் உயர்ந்தார்.

கைப்பேசி தரும் விடையைத் தாளில் எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது என்று கருதுவது எளிது. பதினைந்து வயது இராமானுஜன் கையில் இருந்த நூலும் விடைகளை மட்டுமே தந்தது. அவ்விடைகளை அவர் தொடக்கமாகக் கொண்டார். வளைகோட்டை வரைந்து பார்ப்பதும், கிடைத்த விடையை வகையிட்டுச் சரிபார்ப்பதும், அதன் குறி பொருந்துகிறதா என்று வினவுவதும் ஒவ்வொரு மாணவராலும் இயலும். கருவி எவ்வளவு வளர்ந்தாலும், ஏன் என்று கேட்கும் பழக்கம் உள்ளவரிடமே கணிதம் உயிர்பெறும்.